கொசுவத்தியை அணைச்சுட்டுப் பாட்டைக் கேளுங்க

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்புகிற குடும்பக் கார்களில் பரனூர் டோல்கேட் தாண்டுவதற்குள் ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். டிபனுக்கு எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அப்புறம். முதல் சண்டை பாட்டுக்குத்தான்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன்சீட்டில் தாத்தா, 1950ல் பிறந்தவர். வண்டி ஓட்டுகிற அப்பா 1979. பின்சீட்டில் அத்தை, 1971. அத்தையின் சின்ன மகன் 2001. அப்பாவின் ஒரே பொண்ணு 2008. (அப்புறம் ஆறு தண்ணி பாட்டில், ஒரு டப்பா முறுக்கு.)

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த அன்றைக்கே பாட்டு செத்துப்போச்சு என்பார் தாத்தா. "ராஜா சார் வந்தப்ப நீங்க என்னப்பா தூங்கிட்டு இருந்தீங்களா?" என்பார் அத்தை. ரஹ்மானோட தொண்ணூறுகள் மாதிரி இனிமே ஒரு பத்து வருஷம் வராதுக்கா என்பார் ஸ்டியரிங்கில் தாளம் போடும் அப்பா. அத்தை பையனோ, "மாமா, அனிருத்தோட ஆரம்பகாலப் பாட்டைக் கேளுங்க, இப்ப அவரே அந்த மாதிரி போடறதில்லை" என்பான். ஆரம்பகாலமாம்! '3' படம் வந்ததே 2012ல்தான். பொண்ணு ஒன்றும் சொல்லாமல் இயர்போனை மாட்டிக்கொள்வாள். அவளிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

நாலு பேரும் சொல்வது ஒரே வாக்கியம்தான். எங்க காலத்துக்கு அப்புறம் இசை இல்லை. ஒரே ஆளுக்கு நாலு பேர் நாலு வெவ்வேறு தேதியில் இறந்துட்டார்னு எழுதிக் கொடுத்தால் எந்த விஏஓ கையெழுத்துப் போடுவார்? ஆனால் இசை விஷயத்தில் மட்டும் இந்தச் சான்றிதழை நாம் தலைமுறை தலைமுறையாக வாங்கி பீரோவில் பத்திரப்படுத்துகிறோம்.

ஒரு சின்னக் கழித்தல் கூட்டல் கணக்கு. 2018ல் நியூயார்க் டைம்ஸில் ஸ்பாட்டிஃபை தகவல்களை வைத்து ஒரு கட்டுரை வந்தது. வளர்ந்த ஆண்கள் அதிகம் விரும்பிக் கேட்கும் பாடல்கள் சராசரியாக அவர்களுடைய 14 வயதில் வெளிவந்தவை, பெண்களுக்கு 13 என்று சொன்னது அது. அமெரிக்கக் கணக்குதான். இருந்தாலும் நம்ம காரில் போட்டுப் பாருங்கள். தாத்தாவுக்கு 14 வயது 1964ல். அந்த ஒரே வருஷத்தில் கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை மூன்றும் வந்தன, மூன்றும் விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அத்தைக்கு 14 வயது 1985ல். முதல் மரியாதையும் சிந்து பைரவியும் வந்த வருஷம். அப்பாவுக்கு 1993, ஜென்டில்மேனும் திருடா திருடாவும். அத்தை பையனுக்கு 2015, நானும் ரவுடிதான். ஆக, இவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த பொற்காலம் எல்லாம் அவரவர் பத்தாம் கிளாஸ் மார்க்ஷீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதற்கா தொண்டை வறள இத்தனை கத்தல்?

1989லேயே ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வகையில் அளந்து, பாட்டு மீதான பிடிப்பு உச்சத்துக்குப் போவது 23 அல்லது 24 வயதில் என்றார்கள். 14ஆ 23ஆ என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். உங்களுக்குப் பிடித்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்ததில் காதுக்கு இருந்த பங்கைவிட காலண்டருக்கு இருந்த பங்கு அதிகம் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

இதைச் சொன்னால் உடனே கோபம் வரும். "அப்போ எங்க ரசனை பொய்யா?" பொய் இல்லை சாமி. அந்தக் காலத்தில் பாட்டு கிடைத்த விதத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அப்பாவிடம் எட்டாவது படிக்கும்போது மொத்தம் மூன்று கேசட். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம். பி பக்கத்துப் படத்தை அவர் இன்றுவரை பார்த்ததே இல்லை, ஆனால் பாட்டு ஆறும் தலைகீழ்ப் பாடம். பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பார்வர்டு பட்டனை அமுக்கி, எங்கே நிற்கிறது என்று குத்துமதிப்பாகப் பார்த்து, தவறினால் ரீவைண்ட் செய்து... அதற்குப் பேசாமல் அந்தப் பாட்டைக் கேட்டே தொலைக்கலாம். அப்படிக் கேட்டுத் தொலைத்துக் கேட்டுத் தொலைத்து, நாற்பதாவது தடவையில் அதுவும் பிடித்துப்போனது. திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற, காதில் விழுகிற எதுவும் மெல்லப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968ல் எழுதிவிட்டார். டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிய காலத்தில் எல்லாப் பாட்டுக்கும் அந்த நாற்பது வாய்ப்பு கிடைத்தது. இன்றைய பாட்டுக்கு நாற்பது விநாடி கிடைப்பதே கஷ்டம்.

ரெக்கார்டிங் சென்டர் என்று தெருவுக்கு ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கா? ஒரு வெள்ளைத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ கேசட்டா 90 நிமிஷமா என்று பேரம் பேசி, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அப்பாவின் மனசு அதே இடத்தில் டக்கென்று நின்றுவிடும். அறுந்த இடத்துக்கு அப்புறம் வருவது அவருக்கு வேறு யாரோ போட்ட பாட்டு மாதிரி இருக்கும். இது ரசனை என்றால், அந்த ரசனையில் பாதி இசையமைப்பாளருடையது. மீதி ரெக்கார்டிங் கடைக்காரருடைய கஞ்சத்தனம்.

அத்தை கதை இன்னும் விசேஷம். ராஜா சாரைத் தவிர யாரையும் ஏற்றுக்கொள்ளாதவர். 1992ல் ரோஜா வந்தபோது "மெஷின் சத்தம், வார்த்தையே காதுல விழலை" என்று வீட்டில் முதலில் சொன்னவர். 1994ல் அவருக்குக் கல்யாணம். வீடியோ எடுத்து எடிட் செய்த ஸ்டூடியோ பையன் யாரிடமும் கேட்காமல் ரோஜா பாட்டையும் ஜென்டில்மேன் பாட்டையும் முகூர்த்தத்தின் மேல் ஏற்றிவிட்டான். நாதஸ்வரம் கட், ரஹ்மான் ஆன். அன்றிலிருந்து அந்த மெஷின் சத்தம் வந்தாலே அத்தைக்குக் கண் கலங்கும். ராஜாவின் பாட்டுக்குக்கூட அந்த அளவு கலங்காது. ஆனால் காரில் வாதம் என்று வந்துவிட்டால் அத்தை ராஜா கட்சிதான். கண் ஒரு கட்சி, வாய் ஒரு கட்சி. பிடித்த ஆல்பம் எது என்பதை ஒரு முகம் தெரியாத எடிட்டிங் பையன்கூட நமக்காக முடிவு செய்துவிட முடியும் என்றால், அதை வைத்து இசையின் தரத்துக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

சரி, தாத்தாவின் பொற்காலத்துக்குப் போவோம். அதற்கு முந்தைய தலைமுறை அதை எப்படி நடத்தியது என்று தாத்தா வசதியாக மறந்துவிடுவார். 1952ல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்று முடிவு கட்டி அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறக்குறைய விரட்டியே விட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். தென்மாவட்டங்களில் சென்னை நிலையத்தைவிட கொழும்பு தெளிவாகக் கேட்டது வேறு. கடைசியில் 1957ல் அரசாங்கமே இறங்கிவந்து விவித் பாரதி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிற பழைய பாட்டு, ஒரு காலத்தில் ஒரு மந்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்கிய பாட்டின் வாரிசு. அன்றைக்கு கேஸ்கர் டில்லியில் உட்கார்ந்து செய்ததைத்தான் இன்றைக்குத் தாத்தாவும் அப்பாவும் முன்சீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். பதவி மட்டும்தான் இல்லை, புளூடூத் இருக்கிறது.

"அப்போ வந்ததெல்லாம் நல்லா இருந்துச்சே, இப்போ வர்றதெல்லாம் குப்பை" என்று ஒரு வாதம் உண்டு. எண்பதுகளில் இளையராஜா ஒரு வருஷத்தில் நாற்பது படங்களுக்கு மேல் போட்டதுண்டு. படத்துக்கு ஐந்து பாட்டு என்றாலும் இருநூறு. அதில் எத்தனை உங்கள் பிளேலிஸ்டில் இருக்கிறது? பத்தா? இருபதா? மிச்சமெல்லாம் எங்கே? காலம் சலித்து எடுத்துக் கொடுத்த இருபதை ஒரு கையில் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வந்த சலிக்காத மூட்டையோடு எடை போடுகிறோம். மளிகைக்கடை அண்ணாச்சிகூட இந்தத் தராசை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெரியவர்கள் சொல்வதில் ஒன்று நிஜம். ஆல்பம் என்கிற சாமான் உடைந்துவிட்டது. ஒரு பாட்டு ஒரு மாதம் முன்னால், இன்னொன்று பத்து நாள் முன்னால், லிரிக் வீடியோ தனியாக, ரீல்ஸுக்கு ஒரு துண்டு தனியாக. முழுசாக வரும்போது அதைக் கேட்கப் பொறுமை யாருக்கும் மிச்சமில்லை. கேசட்டில் நாலாவதாக ஒளிந்திருந்த பாட்டைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இந்தத் தலைமுறைக்குக் குறைவுதான். இந்தப் புகாரை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அது கம்பெனிகள் மீதும் ஆப்கள் மீதும் வைக்க வேண்டிய புகார். அதைக் கொண்டுபோய் 17 வயசுப் பெண்ணின் தலையில் ஏன் இறக்குகிறீர்கள்?

அந்தப் பெண்ணுக்கு இப்போது வருவோம். இதுவரை காரில் அவள் வாயே திறக்கவில்லை.

2020 மார்ச் 15 அன்று மாஸ்டர் படத்தின் பாடல்கள் வெளியாயின. பத்து நாளில், மார்ச் 25ல், நாடு பூராவும் ஊரடங்கு. ஏப்ரலில் வரவேண்டிய படம் வரவில்லை. 2021 பொங்கலுக்குத்தான், ஜனவரி 13ல், வந்தது. தமிழ் சினிமாவில் அப்படி ஒரு பெரிய ஹீரோ பட ஆல்பம் பத்து மாசம் படமே இல்லாமல் தனியாக உயிரோடு இருந்தது அபூர்வம். காட்சி இல்லை, தியேட்டர் விசில் இல்லை. பாட்டு மட்டும் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு இருந்தது. அவளுக்கு அப்போது 12 வயது. ஸ்கூல் ஒரு செல்போனுக்குள் இருந்தது. பிரெண்ட்ஸ் இன்னொரு செல்போனுக்குள்.

அந்த ஆகஸ்ட்டில் திருநெல்வேலியில் பாட்டி இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது. மாவட்டம் தாண்ட இ-பாஸ். அப்பா மட்டும் பாஸ் வாங்கிக் கிளம்பினார். லீவு விட்டால் ஓடிப்போய் மடியில் படுத்துக்கொள்கிற பேத்தி, பாட்டி முகத்தை வாட்ஸ்அப் வீடியோ காலில் பார்த்தாள், அதுவும் நடுவில் உறைந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி அவள் அந்த ஆல்பத்தைத்தான் கேட்டாள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, திரும்பவும் முதலிலிருந்து. வேறு எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் இருந்தது அதுதான். ஊரிலிருந்து திரும்பிய அப்பா கதவுக்கு வெளியே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டுல துக்கம் நடந்திருக்கு, உனக்குக் குத்துப்பாட்டு கேக்குதா?"

மூன்று கேசட்டை வைத்துக்கொண்டு ஒரு பால்யத்தையே ஓட்டிய மனுஷன் சொன்னது இது. பையில் கிடைத்த எதுவானாலும் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வயதைத் தாண்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தன் விஷயத்தில் அதற்கு நினைவு என்று பெயர் வைத்தார். பொண்ணு விஷயத்தில் சத்தம் என்று பெயர் வைத்தார். இந்த இரட்டை அளவுகோல்தான் பிரச்சினை. ராஜாவா ரஹ்மானா அனிருத்தா என்பதெல்லாம் சும்மா டைம்பாஸ்.

அதன் பிறகு அவள் காரில் ஒரு பாட்டும் போடச் சொன்னதில்லை. அதே வருஷம் செப்டம்பர் 25ல் எஸ்.பி.பி. மறைந்தபோது வீடே உட்கார்ந்து அழுதது. ஆளாளுக்கு ஒரு பாட்டைச் சொல்லி, அது தன் வாழ்க்கையில் எங்கே வந்தது என்று கதை சொன்னார்கள். அவளும் கூட உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவளுடைய கதையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. நம்முடைய இந்தக் கொசுவத்தி வியாதியை (பிளாஷ்பேக் வந்தால் பழைய படத்தில் திரை சுருள் சுருளாகச் சுற்றுமே, அதேதான்) சினிமாக்காரர்கள் நன்றாகக் கண்டுகொண்டுவிட்டார்கள். 2022ல் விக்ரம் படத்தில் 1995ம் வருஷத்து அசுரன் பாட்டு. 2024ல் லப்பர் பந்து முழுக்க பொன்மனச் செல்வன் பாட்டு, 1989ல் வந்தது. 2025ல் குட் பேட் அக்லியில் பழைய பாட்டுகளைப் போட்டு, இளையராஜா கோர்ட்டுக்கே போனார். பெரிசுகள் இதைப் பார்த்து "பாத்தியா, எங்க பாட்டு இல்லாம இவனுங்களால படம் எடுக்க முடியலை" என்று மீசையை முறுக்குகிறார்கள். உங்கள் ஞாபகத்தை உங்களுக்கே டிக்கெட் போட்டு விற்கிறார்கள் ஐயா, அதில் முறுக்க என்ன இருக்கிறது?

அதே நேரம் மஞ்ஞும்மல் பாய்ஸ் விஷயம் வேறு மாதிரி. 2024ல் அந்த மலையாளப் படத்தில் 1991ம் வருஷத்து குணா பாட்டு கடைசியில் வந்தபோது தியேட்டரில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் 1991ல் பிறக்கவே இல்லை. இவர்களுக்கு அந்தப் பாட்டோடு பழைய ஞாபகம் ஏதும் கிடையாது. குகைக்குள் விழுந்த நண்பனை மேலே இழுத்த ஞாபகம்தான் உண்டு, அதுவும் படத்தில். பழைய பாட்டு புது ஆளிடம் போய் புது வாழ்க்கை வாழ்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காது இல்லை என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

2013ல் கரோல் க்ரம்ஹான்ஸ்லும் ஜஸ்டின் ஸூப்னிக்கும் அமெரிக்காவில் இருபது வயதையொட்டிய மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டோடு ஒட்டுதல் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் என்னவென்றால், அப்பா அம்மாவின் இளமைக்காலத்துப் பாட்டுகளோடும் தனியாக ஓர் ஒட்டுதல் இருந்தது. யாரும் டியூஷன் எடுத்து ஊட்டவில்லை. வீட்டில் ஓடியது, காரில் ஓடியது, தானாக ஒட்டிக்கொண்டது. அதாவது அப்பா சும்மா போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், திருடா திருடா அவளுக்கும் சொந்தமாகிவிடும். "இதுக்கு முன்னாடி உன் அனிருத் நிப்பானா?" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குத்து குத்தினால், அந்தப் பாட்டோடு அவளுக்கு ஒட்டப்போவது அந்தக் குத்துதான்.

ஆகவே காரில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு ஏற்பாடு. அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பத்து மணி நேரப் பயணம். ஆளுக்கு ஒரு ஆல்பம், முழுசாக. கேசட் சட்டம்தான்: தாண்டக்கூடாது, நடுவில் மாற்றக்கூடாது. "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கிற வாக்கியம் டோல்கேட்டுக்கு டோல்கேட் தடை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி உண்டு: இதை எப்போ, எங்கே இருந்து முதல்ல கேட்டே?

தாத்தாவுக்கு மரியாதை, அதனால் கர்ணன் முதலில். பெரம்பலூர் பக்கம் காபிக்கு நிறுத்தும்போது அது முடிந்திருக்கும். அடுத்து அந்தப் பொண்ணோட முறை. போனை அவள் கையில் கொடுங்கள்.